டியூனிக்: அந்தக் கோட்டெழுத்தைப் படிக்கவே முடியலீங்க, எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

கோபி_வாய்க்கால்:
டியூனிக் கேமை இறக்கியாச்சுங்க. நரிக்குட்டி கடற்கரையில கண்ணு முழிக்குது, ஒரு குச்சி கெடச்சுது, அதுமுட்டும் சரி. ஆனா பலகை, பொருள் பேரு எல்லாத்துலயும் கோடு கோடா ஏதோ எழுத்து வருது. லாங்குவேஜ் இங்கிலீஷ்தான் வெச்சிருக்குது. ஃபைல் வெரிஃபை பண்ணியும் மாறலை. ஃபான்ட் கெட்டுப்போச்சுங்களா? லெவல் ஏத்தற மெனுவும் எங்கயுமே காணோம். ஆராச்சும் சொல்லுங்க.

நொய்யல்கரையான்:
ஃபான்ட்ல ஒரு கோளாறும் இல்லீங்க. அந்த எழுத்துப் படிக்க முடியாம இருக்கிறதுதான் கேமே. எதையும் திருப்பி இன்ஸ்டால் பண்ணாதீங்க.

கனடாவுல ஹாலிஃபாக்ஸ் ஊர்க்காரர் ஆண்ட்ரூ ஷோல்டைஸ் பல வருசமா உட்கார்ந்து பண்ணி 2022 மார்ச் 16ல வெளியிட்டது இது. வெளிநாட்டுலேருந்து வந்த கேமோட பாஷை தெரியாத கையேட்டைப் புரட்டற சின்னப் பையன் என்ன பண்ணுவான்? படத்தைப் பாத்து, அம்புக்குறியைப் பாத்து, ஊகிப்பான். அந்த நெலமையில நம்மளை நிறுத்தறதுதான் அவரோட திட்டம்.

உலகம் பூரா காகிதத் தாள் மினுங்கிட்டுக் கெடக்கும். ஒண்ணை எடுத்தா கையேட்டுல ரெண்டு பக்கம் சேரும். மொத்தம் 28 தாள், 0 முதல் 55 வரைக்கும் 56 பக்கம். வரிசையாக் கெடைக்காது. எந்த நம்பர் வெத்தா இருக்குதோ அந்தத் தாள் இன்னும் உங்க கையில சேரலைன்னு அர்த்தம். பக்கத்தைப் பெருசாக்கிப் பாக்கலாம். பேனாவுல கிறுக்கினது, வட்டம் போட்டது, காப்பிக் கறை எல்லாம் இருக்கும். அந்தக் கிறுக்கலை அலங்காரம்னு நெனச்சுத் தாண்டிப் போறதுதான் புதுசா ஆடறவங்க பண்ற முதல் தப்பு. வரைபடமும் கையேட்டுக்குள்ளதான். அந்தப் பகுதிப் பக்கம் கெடச்சிருந்தா நரி எங்க நிக்குதுன்னும் அதுலயே காட்டும்.

கோயமுத்தூர்லேருந்து பொள்ளாச்சி போறவனுக்கு ரோட்டுப் பலகை பூரா தெரியாத எழுத்துல இருந்தா, தென்னந்தோப்பையும் மலையையும் பாத்துத்தானே வழி கண்டுபிடிப்பான்? அப்படி ஆடுங்க.

பொள்ளாச்சி_நெட்டை:
லெவல் ஏத்தறது பத்தி. மெனு கெடையாதுங்ணா, படையல்தான்.

நரிச் சிலை இருக்குதில்ல, கும்பிட்டா உயிரு நெறையுமே, அதுதான் எடம். ஒவ்வொரு தெறனுக்கும் தனித்தனிப் படையல் பொருள் உண்டு. பையில அந்தப் பொருளும் கூடவே காசும் இருந்தா, சிலை முன்னால நின்னு அதை வெச்சு ஏத்திக்கலாம். மொத்தம் 6 தெறன்: தாக்குதல், தற்காப்பு, உயிர், மூச்சு, மந்திரம், மருந்துக் குப்பியோட வலு. ஒரே தெறனைத் திரும்பத் திரும்ப ஏத்துனா ஒவ்வொரு தடவையும் வெலை கூடும். ஒவ்வொரு பொருளும் ஒரு தெறனுக்கு மட்டுந்தான் உதவும்ங்கறதால, எதை மொதல்ல ஏத்தறதுங்கற யோசனை காசு பத்தாதப்ப மட்டும்தான் வரும். அப்ப தாக்குதலுக்கே போடுங்க. எதிரி ஒரு அடி முன்னாடி செத்தா உங்களுக்கு ஒரு அடி மிச்சம்.

இதைச் சொல்ற பக்கம் கெடைக்காம பாதிக் கேம் முட்டும் படையலைப் பையிலயே சொமந்துட்டுத் திரியறவங்க ஏகப்பட்ட பேரு. பக்கம் கையில இருக்கோணும்னு கட்டாயம் இல்லை. தெரிஞ்சவங்க மொத சிலையிலயே ஏத்தலாம்.

சிலை முன்னாடி கும்பிட்டா செத்த எதிரியெல்லாம் திரும்ப எந்திரிச்சு வந்துரும், அதை மட்டும் மனசுல வெச்சுக்குங்க. கரண்டு எப்பப் போகும்னு தெரியாத ஊரா இருந்தா ஆட்டத்தை விட்டு எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி ஒருக்கா சிலையைக் கும்பிட்டு சேவ் பண்ணிட்டு எழுந்திரிங்க.

கோபி_வாய்க்கால்:
அடேங்கப்பா. பையில 3 ஏதோ பொருள் சும்மாவே கெடந்துச்சுங்க, இப்ப ஏத்தியாச்சு. நன்றிங்ணா. ஒடஞ்ச கண்ணாடித் துண்டு மாதிரி ஒண்ணு கெடக்குது, அதுவும் படையலுங்களா?

பொள்ளாச்சி_நெட்டை:
இல்லீங்க, அது குப்பித் துண்டு. 3 துண்டு சேந்தா தானா ஒரு மருந்துக் குப்பி கூடிரும்.

அவிநாசி_அம்மணி:
சண்டையில புதுசா வர்றவங்க எங்க அடி வாங்கறாங்கன்னு சொல்லீர்றேன்.

மூச்சுப் பட்டைதான் எல்லாத்துக்கும் மூலம். உருண்டா கொறையும், கேடயத்துல அடி வாங்குனா கொறையும். கத்தி வீசறதுக்கு இதுலேருந்து செலவில்லை. சுத்தமாக் காலியாச்சுன்னா நரி திணறும், உருளறது மந்தமாகும், அந்த நேரத்துல வாங்கற அடியும் எச்சா வலிக்கும். அதனால பயந்து பயந்து நாலு உருள் உருண்டு தப்பிக்கப் பாக்கறவன்தான் சீக்கிரம் சாவான். ஒரு உருள், ரெண்டு வெட்டு, வெலகி நில்லுங்க, பட்டை நெறையட்டும். உருளறப்ப எதிரியை விட்டு ஓடாம, அவன் பக்கவாட்டுக்கோ முதுகுக்கோ போற மாதிரி உருளோணும். பின்னாடி நேரா உருண்டா நீள ஈட்டிக்காரன் குத்து உங்களைத் தேடி வந்து விழும்.

ஒருத்தனை லாக் பண்ணிட்டா, அதாவது பார்வையை அவன் மேலயே பூட்டிட்டா, மத்தவன் எங்க நிக்கறான்னு கண்ணு மறந்துரும். கூட்டமா வந்தா லாக் எடுத்துட்டு, குறுகலான எடத்துக்கு இழுத்துட்டு வந்து ஒவ்வொருத்தனா முடிங்க.

அப்பறம் பட்டாசு, நெருப்புக் குண்டு, பனிக் குண்டு. "பெரிய பாஸுக்கு (பெரிய எதிரிக்கு) வேணும்"னு சேத்து வெச்சே கேமை முடிச்சவங்கதான் முக்காவாசிப் பேரு. மேற்குத் தோட்டத்துல ஒரு பெரிய காவல்காரன் வருவான், பெரிய வாள்காரன். அவன்கிட்ட முட்டி மோதறவங்க பையைத் தொறந்து பாத்தா குண்டு அப்படியே தூங்கும். வீசுங்க சாமி. எலும்பு முகத்துக் கடைக்காரன்கிட்ட காசு குடுத்தா இன்னும் குண்டு கெடைக்கும். கையில வெக்க 3 பட்டன்தான் எடம், அதுல ஒண்ணு கத்திக்குப் போயிரும். மிச்சம் ரெண்டுல ஒண்ணை எப்பவும் குண்டுக்கு ஒதுக்கி வெச்சாத்தான் அவசரத்துல கை போகும்.

சென்னிமலை_மேடு:
இவ்வளவு எதுக்குங்க? செட்டிங்ல சாவே இல்லாத மோடு இருக்குது, மூச்சுப் பட்டை கொறையாத மோடும் இருக்குது. போட்டுட்டுச் சுத்திப் பாருங்க.

அவிநாசி_அம்மணி:
இருக்குது, தப்பும் இல்லை. ஒரே பாஸ்ல 2 மணி நேரம் மாட்டிக்கிட்டு கேமையே மூடறதுக்கு அதைப் போட்டுத் தாண்டறது மேல். முதல் நாளே போட்டா மட்டும் ஒரு நட்டம்: சாவு பயமில்லாதவன் குறுக்கு வழி தேட மாட்டான். இந்தக் கேம்ல பாதி ரகசியம் குறுக்கு வழியிலதான் ஒளிஞ்சிருக்குது. கேமரா ஒரே கோணத்துலேருந்து சாய்வாப் பாக்குதில்ல, சுவத்துக்குப் பின்னால, அருவிக்குப் பின்னால, படிக்கட்டுக்குக் கீழன்னு கண்ணுக்கு மறைஞ்ச சந்து ஊருப்பட்டது இருக்குது. சுவத்தை ஒட்டியே நரியை நடத்திப் பாருங்க. "இது இங்கயேவா இருந்துச்சு"ன்னு தலையில அடிச்சுக்குவீங்க.

கோபி_வாய்க்கால்:
ரெண்டு மணியும் அடிச்சாச்சுங்க, கெழக்கும் மேக்கும். கோயில் கதவு தொறந்துருச்சு. இப்ப செவப்பு, பச்சை, நீலம்னு 3 அறுகோணம் தேடச் சொல்லுது. தங்க நெறத்துல சதுரமா மேடை ஒண்ணு பல எடத்துல பாக்கறேன், அதுல நின்னா ஒண்ணுமே ஆகறதில்லை. அங்கங்க தூண் வேற.

நொய்யல்கரையான்:
24-25 பக்கம் கெடச்சுதுங்களா? கெடச்சிருந்தா நரி என்ன பண்ணுதுன்னு படத்துல நல்லாப் பாருங்க. விடை வேண்டாம்னா அடுத்த பத்தியைத் தாண்டிருங்க.

ஸ்பாய்லர்: நின்ன எடத்துலயே உருள்ற பட்டனை அழுத்திப் புடிச்சா நரி கும்புடும். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்ல அது ஏ பட்டன். கொஞ்ச நேரம் விடாமப் புடிக்கோணும். பட்டுனு தட்டுனா உருண்டுதான் போகும். தங்க மேடையில கும்புட்டா வேற எடத்துக்குத் தாட்டியுட்டுரும். தூண்கிட்ட கும்புட்டா அதுக்கு உசுரு வந்து, தரையில போற கோட்டுல வெளிச்சம் ஓடும்.

கோட்டை மாதிரி எடத்துல கதவு தொறக்கலைன்னா, கெணத்துலேருந்து மோட்டார் ரூமு வரைக்கும் ஒயரைப் புடிச்சுட்டுப் போய்ப் பாப்போமே, அதே வேலைதான். கதவுலேருந்து தரையில போற கோட்டைப் புடிச்சுட்டுப் பின்னாலயே போங்க, எங்க வெளிச்சம் நிக்குதோ அங்க ஒரு ஃப்யூஸு, அதாவது அந்தத் தூணு, தூங்கிட்டிருக்கும். நடுவுல ஒண்ணை விட்டுட்டாலும் கடைசிக் கதவு அசையாது.

இதுவும் முதல் நிமிசத்துலேருந்தே நரிக்குத் தெரிஞ்ச வித்தைதான். தெரியாதது நமக்கு.

உயிர்மெய்216:
எழுத்தைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: ஒரு எழுத்தைக்கூடப் படிக்காமல் கேமை இறுதிவரை முடிக்கலாம். படிக்க ஆசைப்படுபவர்களுக்கு மட்டும் இது. முழு அட்டவணை தரமாட்டேன், அமைப்பை மட்டும் சொல்கிறேன்.

ரசிகர்கள் இதை ட்ரூனிக் என்கிறார்கள். மொழி இங்கிலீஷ்தான், எழுத்துதான் வேறு. ஸ்பெல்லிங் கிடையாது, ஒலிக்கு ஒலி எழுதுகிறது. 24 மெய், 18 உயிர். ஒரு குறியின் வெளிக்கோடுகள் உயிர், உள்ளே நடுவிலிருந்து கிளம்பும் கோடுகள் மெய். இரண்டும் ஒரே குறியில் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்தால் மெய் முதலில், உயிர் பிறகு. அதாவது நம் உயிர்மெய். உள்கோடு மட்டும் இருந்தால் தனி மெய், புள்ளி வைக்க வேண்டியதில்லை. வெளிக்கோடு மட்டும் இருந்தால் தனி உயிர். குறியின் அடியில் சின்னச் சுழி இருந்தால் வரிசை மாறும்: உயிர் முதலில், மெய் பிறகு. சுழி விழுந்த இடத்தில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். "கெ" என்பதில் கொம்பு முன்னால் நின்றாலும் ஒலி பின்னால் வருவதைப் பழகிய நமக்கு இது ஒன்றும் புதிதல்ல.

உதாரணம். சாவியைக் குறிக்கும் "கீ" ஒரே குறி. "ஃபாக்ஸ்" மூன்று குறி. மேலே என்னும் "அப்" சுழியோடு ஒரே குறி. எல்லாப் பக்கத்திலும் திரும்பத் திரும்ப வரும் ஒற்றைக் குறி ஒன்று இருக்கும், அது இங்கிலீஷின் "த" (the). அதில் தொடங்குங்கள், ஒரு மெய்யும் ஓர் உயிரும் கைக்கு வந்துவிடும். அடுத்து வரைபடத்தில் படத்தோடு ஒட்டிய பெயர்கள், கையேட்டில் ஆங்காங்கே இங்கிலீஷ் எழுத்திலேயே அச்சான சொற்கள்.

நமக்கென்றே உள்ள சிக்கல்கள்:

தமிழில் க ஒன்றே; இங்கே அதன் இரண்டு ஒலிக்கும் தனித்தனிக் குறி. ச, ஸ, ஷ, ஜ எல்லாம் பிரிந்து நிற்கும். "இஸ்" (is) என்று நாம் சொல்வதன் கடைசி ஒலி, பாம்பு சீறும் ஸ் அல்ல, தேனீ இரையும் ஒலி; அந்தக் குறியைத்தான் தேட வேண்டும். "த" என்பதன் தொடக்க ஒலியும் "தின்" (thin) என்பதன் தொடக்க ஒலியும் வேறு வேறு குறிகள்.

ர் சேர்ந்த உயிர்கள் ("கார்" என்பதில் வரும் ஆர், "டோர்" என்பதில் வரும் ஓர்) தனி உயிராகவே 18இல் அடங்கியவை. ஆகவே "கார்" ஒரே குறி. இரண்டு குறி தேடினால் கிடைக்காது.

உச்சரிப்பு அமெரிக்க வாய்க்கு ஏற்றது. வாளுக்கான சொல்லை நாம் "ஸ்வார்ட்" என்று சொல்வோம். அதில் வ் கிடையாது. ஸோர், ட் என இரண்டே குறி.

சென்னிமலை_மேடு:
"ங்" ஒலிக்குத் தனிக் குறி இருக்குதுங்களா?

உயிர்மெய்216:
உண்டு. "கிங்" எழுத இரண்டு குறி, அதில் இரண்டாவது முழுக்க அதற்கே. வாக்கியத்துக்கு வாக்கியம் "ஆமாங்", "சரிங்" போடும் நம் ஊர்க்காரர்கள் முதலில் கற்கவேண்டிய மெய் அதுதான்.

நொய்யல்கரையான்:
எல்லாம் சரிங்க, ஆனா ஒரு ஆட்சேபனை இருக்குது. இதைப் படிச்சுட்டு மொத தடவையே நோட்டும் பேனாவுமா உட்காந்தா கேமோட ருசி போயிரும். 24-25 பக்கத்தைப் படத்தைப் பாத்து ஊகிக்கறதுலதான் சொகம். எழுத்தைப் படிச்சு ஊகிச்சா அது பரீட்சை. கையேட்டை முழுசாச் சேத்ததுக்குப் பொறவு எழுத்துப் பக்கம் வாங்க.

உயிர்மெய்216:
ஊகித்து ஆடுபவர் ஊகிக்கட்டும். ஆனால் எழுத்தை உடைப்பதும் ஊகம்தான், அகராதி பார்த்தல் அல்ல. கேமில் வரும் சில ஒலிகளும் இதே எழுத்துமுறையில் சுரங்களாக எழுதப்பட்டவை. செய்தவரே காதுக்கும் ஒரு புதிர் வைத்திருக்கும்போது கண்ணுக்கு மட்டும் ஏன் தடை?

மட்டுறுத்துநர்:
ரெண்டு பேரும் சொன்னது பதிவாயிருச்சு. முழு எழுத்து அட்டவணையை இந்த இழையில் போட வேண்டாம். 42ஆம் பக்கத்துக்கு மேல் வரும் விஷயங்களை ஸ்பாய்லர் என்று சொல்லிவிட்டு எழுதவும்.

கோபி_வாய்க்கால்:
கல்லுக்குழி மாதிரி ஒரு எடம்ங்க, ஊதாப் பொகை. போகப் போக உயிர்ப் பட்டையே சுருங்குது, மருந்து குடிச்சாலும் பழைய அளவுக்கு ஏற மாட்டேங்குது.

பொள்ளாச்சி_நெட்டை:
மருந்தைக் கொட்டாதீங்க. அந்தப் பொகை பட்டையோட உச்ச வரம்பையே கொறைக்குது. குப்பி வரம்புக்குள்ளதான் நெரப்பும். சிலைக்குத் திரும்பிப் போய்க் கும்புட்டாத்தான் வரம்பு பழையபடி ஆகும். அந்தப் பக்கமே ஒரு முகமூடி கெடைக்கும், அது வந்துட்டா பொகை ஒண்ணும் பண்ணாது. அதுமுட்டும் பொகையில நிக்காம ஓட்டமா ஓடி, மேட்டு நெலத்துல நின்னு சண்டை போடுங்க.

அப்படியே ஒண்ணு: தங்கக் காசு மாதிரி ஒரு பொருள் கெடச்சா கடையில செல்லாது. கெணத்துக்கிட்ட போய் அதைப் பயன்படுத்தினா உள்ள விழும். 3, 6, 10, 15ன்னு விழுந்த கணக்கு எட்டும்போதெல்லாம் கார்டு (மாட்டிக்கிட்டா நரிக்குத் தனிச் சக்தி தர்ற சீட்டு) மாட்ற எடம் ஒண்ணு கூடும். கார்டுல எது என்னன்னு படம் மட்டுந்தான் சொல்லும். மாட்டிப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கோணும். மருந்து எச்சா வேலை செய்யற கார்டு ஒண்ணு இருக்குது, புதுசா ஆடறவங்களுக்கு அதை விடச் சொத்து வேற கெடையாது.

அவிநாசி_அம்மணி:
ஸ்பாய்லர், 42-43 பக்கம் பத்தி.

அந்தப் பக்கத்துல இருக்கற சிலுவைப் படம் வேற எதுவும் இல்லை, உங்க கன்ட்ரோலர்ல இருக்கற நாலு திசைப் பட்டனேதான். இத்தனை நேரம் விரலுக்குக் கீழயே இருந்துச்சு. சுவத்துல, தரைக்கல்லுல, பூச்செடி வரிசையில ஒரு கோடு வளைஞ்சு வளைஞ்சு போறதைப் பாத்தா அதை மேல, வலது, கீழன்னு திசையா மாத்தி அடிக்கோணும். சிக்குக் கோலத்துல கோட்டை விரலால புடிச்சுட்டுப் போற மாதிரி: ஒரு புள்ளியிலேருந்து அடுத்த புள்ளிக்கு ஒரு அடி, ரெண்டு புள்ளி நேராப் போனா ஒரே திசையை ரெண்டு தடவை. பொதுவா நடக்கற தப்பு மூணு. நேர்க்கோட்டோட நீளத்தை எண்ணாம ஒரு தடவை மட்டும் அடிக்கறது. ரெண்டு முனை இருக்கற கோட்டுல தப்பு முனையிலேருந்து ஆரம்பிக்கறது. நடக்கலைன்னா அப்படியே தலைகீழாப் போட்டுப் பாருங்க, அப்ப திசையும் எதிர்த் திசையாகும். மூணாவது, வெலை கொறைஞ்ச கன்ட்ரோலர்ல அந்தப் பட்டன் ஒரே ரப்பர் மேல உட்காந்திருக்கும், கட்டைவெரலு கொஞ்சம் சாஞ்சாலும் ரெண்டு திசை சேந்து அழுந்தும். கட்டைவெரலை உருட்டாம ஒவ்வொரு தடவையும் தூக்கித் தூக்கி வெச்சு அழுத்துங்க.

உலகத்துல ஒளிஞ்சிருக்கற 20 தேவதையும் இப்படித்தான் கெடைக்கும். 10 சேந்தா ஒரு பெட்டி, 20 சேந்தா இன்னொண்ணு.

கோபி_வாய்க்கால்:
மூணு அறுகோணமும் வெச்சாச்சு, அங்க சண்டைக்கு வந்த பெரியம்மா பாஸ் ஒரே போடுல முடிச்சுட்டாங்க. நரி ஆவி மாதிரி ஆயிருச்சு, ஏத்துன தெறனெல்லாம் போச்சு. பழைய சேவ் எடுக்கறதுங்களா?

நொய்யல்கரையான்:
எடுக்காதீங்க! ஸ்பாய்லர்: அங்க தோக்கறது கதையிலயே எழுதி வெச்சது. உங்க 6 தெறனும் 6 சமாதியில காத்திருக்குது, ஒவ்வொண்ணாப் போய் வாங்கோணும். மொதல்ல தாக்குதலும் உயிரும் எங்கன்னு பாருங்க. பழைய எடமெல்லாம் ராத்திரியில எதிரி மாறி நிக்கும், குருட்டு நம்பிக்கையில ஓடாதீங்க.

அதுக்கப்பறம் முடிவு ரெண்டு. சண்டை போட்டு ஜெயிச்சா ஒண்ணு. கையேட்டை ஒரு தாள் விடாமச் சேத்துக் கொண்டுபோய்க் குடுத்தா இன்னொண்ணு. ரெண்டாவதுதான் சிரமம், ரெண்டாவதுதான் பாக்க வேண்டியது. சண்டையில ஜெயிக்கற முடிவை மொதல்ல பாத்துட்டு, "இவ்வளவுதானா"ன்னு கேமை அழிச்சுட்டுப் போனவங்க அரைக் கேம்தான் ஆடியிருக்காங்க.

கோபி_வாய்க்கால்:
ஒரு தாள் தவிர எல்லாம் சேந்துருச்சுங்க. மலைமேல பெரிய கதவு, அதுதான் மிச்சம்.

அவிநாசி_அம்மணி:
ஸ்பாய்லர். கையேட்டுல கட்டம் கட்டமா ஒரு படம் இருக்கும், ஒவ்வொரு கட்டமும் ஒரு பக்கத்தைக் காட்டும். அந்தந்தப் பக்கத்துல எங்கயோ பொன் கோடு ஒரு துண்டு ஒளிஞ்சிருக்கும். படத்தோட ஓரமா, எழுத்துக்கு நடுவுல, சட்டுனு தெரியாது. கட்டம் போட்ட கணக்கு நோட்டு எடுத்து, ஒவ்வொரு துண்டையும் அதே கட்டத்துல வரைங்க. பக்கத்துக் கட்டத்துக் கோடு முனையும் இந்த முனையும் ஒட்டலைன்னா ரெண்டுல ஒண்ணு தப்பு. பூராவும் ஒரே கோடாச் சேந்ததுக்குப் பொறவு திசையா மாத்தி, அஞ்சு அஞ்சாப் பிரிச்சு எழுதிக்குங்க. வரிசை நெம்ப நீளம், நடுவுல ஒண்ணு தவறுனா முதல்லேருந்துதான். ஒருத்தர் படிக்க இன்னொருத்தர் அழுத்துனா வெரசா முடியும்.

கோபி_வாய்க்கால்:
கட்டம் 14லயும் 15லயும் முனை ஒட்டலீங்க.

உயிர்மெய்216:
பக்க எண்ணையும் கட்ட எண்ணையும் குழப்பிவிட்டீர்கள் என நினைக்கிறேன். ஒரு தாளுக்கு இரண்டு பக்கம். இடப்பக்கத்துக் கோட்டை வலப்பக்கக் கட்டத்தில் வரைந்திருப்பீர்கள். மாற்றி வரைந்து பாருங்கள்.

கோபி_வாய்க்கால்:
ஒட்டிருச்சுங்!